தனிஸ்லாசுக்கு நாங்கள் எழுதாத சீட்டு

முப்பத்துமூன்று ஆண்டுகள் நம் மருத்துவமனையின் மாவுக்கட்டு அறையில் நின்ற கால் நின்றபடி உழைத்து, இன்றோடு பணி நிறைவு பெறும் குருசுக்குப்பம் திருமிகு தனிஸ்லாஸ் அவர்களின் முன்னே, எலும்பு மூட்டுப் பிரிவின் ஊழியர் அனைவரும் தலை குனிந்து நின்று படிக்கும் மடல்.

முறிந்து வந்தோர்க்கு முட்டுக் கொடுத்த முன்னவரே! மாவு இறுகும் மூன்று நிமிடத்துக்குள் கோணிய கையை நேராக்கிக் கொடுத்த கைராசிக்காரரே! கட்டு சுடுகிறது என்று கதறும் குழந்தையிடம், "சுடட்டும் கண்ணு, மாவு வேலை செய்யுது" என்று சொல்லிச் சிரிக்க வைத்த சிந்தை குளிர்ந்தவரே! கட்டுப் பிரித்த காலை முதன்முதலாகத் தரையில் ஊன்றப் பயந்து நிற்பவரை, "அலே!" என்ற ஒற்றைச் சொல்லால் நடக்க வைத்த நல்லவரே! பிரெஞ்சுப் பட்டாளத்தில் பென்ஷன் வாங்கிய பழைய நோயாளி ஒருவரிடம் நீங்கள் கற்ற அந்தச் சொல்லுக்கு, "போ, நட" என்று பொருள் என்பதை உங்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு நடந்து போனவர்கள் இந்த ஊரில் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள்.

இதுவரை படித்தது வழக்கமான மடல். இதே போல இன்னும் இரண்டு பக்கம் எழுதத்தான் நிர்மலாதேவி உட்கார்ந்தாள். ஓபி சீட்டுக் கவுண்டரில் பத்தொன்பது வருஷமாக இருப்பவள். இந்தப் பிரிவில் யார் ஓய்வு பெற்றாலும் மடல் எழுதுவதும், அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாங்கி வருவதும் அவள்தான். வேலைக்குச் சேர்ந்த தேதியைச் சரிபார்க்கக் கணினியில் பெயரைத் தட்டினாள். ஊழியர் பட்டியலில் தனிஸ்லாஸ் வந்தார். ஏதோ தோன்றி, நோயாளிப் பட்டியலிலும் தட்டிப் பார்த்தாள். அங்கே அவர் இல்லை. முப்பத்துமூன்று வருஷத்தில் அவர் பெயரில் ஒரே ஒரு ஓபி சீட்டுகூடப் போடப்படவில்லை. இரண்டு இடுப்பு எலும்பும் செத்துக்கொண்டிருக்கிற மனுஷனுக்கு, அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே ஒரு சீட்டு இல்லை! அதற்கு மேல் அவளுக்கு அடுக்குமொழி ஓடவில்லை.

இனிமேல் சொல்லவேண்டியதை உங்கள் முகத்தைப் பார்த்து "நீங்கள்" என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை, அண்ணே. அதனால் வேறு யாரோ ஒரு தனிஸ்லாசுக்கு நடந்த கதையைப் போலச் சொல்லிவிடுகிறோம். பாதி நாங்கள் கண்ணால் கண்டது. மீதி உங்கள் துணைவியார் ஸ்டெல்லாமேரி அக்கா, உங்கள் வீட்டுச் சமையலறையில் நின்றபடி, நீங்கள் காதில் வாங்கிவிடக் கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு எங்களிடம் அழுதழுது சொன்னது. எங்காவது தப்பாகச் சொன்னால் கையைக் காட்டி நிறுத்துங்கள்.

தனிஸ்லாசுக்குக் குடிப்பழக்கம் கிடையாது. "புதுச்சேரில பொறந்துட்டு ஒரு பீர்கூட குடிக்கலன்னா, நீ எந்த ஊரு அண்ணே?" என்று இந்த வார்டே அவரைக் கேலி செய்யும். சிரித்துவிட்டுப் போவார். அவருக்கு இருந்த ஒரே தொந்தரவு இளைப்பு. கட்டு வெட்டுகிற மிஷினிலிருந்து கிளம்புகிற வெள்ளைத் தூசியை நாள் முழுக்க மூக்கால் வாங்கினால் வேறென்ன வரும்? மாஸ்க்கை மாட்டுவார், குழந்தைகள் பயப்படுகின்றன என்று கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார். ஐப்பசி மழை பிடித்ததும் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். மாடிப்படியில் நின்று நின்று ஏறுவார்.

அவர் அப்படி நிற்பதை வார்டு சிஸ்டர் மேனகாவால் பார்க்க முடியாது. "ஓபில போயி நிக்காத அண்ணே, நாலு மணி நேரம் ஆவும். இப்பிடி வா," என்று கையைப் பிடித்து இழுத்துத் தன் மேசைக்குப் பக்கத்தில் உட்கார வைத்து ஊசி போடுவார். ஸ்டீராய்டு ஊசி. கூடவே நாலைந்து நாளைக்கு வெள்ளை மாத்திரையைத் தாளில் மடித்துக் கொடுப்பார். சற்று நேரத்தில் நெஞ்சு திறந்துவிடும். "மெர்சி சிஸ்டர்," என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிச் சல்யூட் அடித்துவிட்டுத் திரும்பவும் தூசிக்குள் போவார். கூடப் பிறந்த தம்பிக்குக்கூட மேனகா இப்படி ஓடி ஓடிச் செய்ததில்லை. அது பிரியம்தான். பிரியத்தில்தான் இவ்வளவும் நடந்தது.

மேனகா லீவில் இருந்தால் வேறு சிஸ்டர் போடுவார். ஆபரேஷன் தியேட்டரில் இளைப்பு வந்தால் அங்கே இருப்பவர் போடுவார். கொரோனா வந்து பிழைத்த வருஷம், பத்து நாளைக்கு என்று கொடுத்த மாத்திரையை, "இன்னும் கொஞ்ச நாள் போடு அண்ணே, நெஞ்சு சுத்தமாயிடும்" என்று நாங்களே மாற்றி மாற்றி எடுத்துக் கொடுத்து ஒன்றரை மாதம் ஓட்டினோம். ஒவ்வொருவரும் தன் கையால் கொடுத்ததை மட்டும்தான் நினைத்துக்கொண்டோம். நெஞ்சு நோய்ப் பிரிவில் சீட்டுப் போட்டுப் போயிருந்தால், மூச்சில் உறிஞ்சுகிற மருந்து கொடுத்து, இந்த மாத்திரையை நிறுத்தியிருப்பார்கள். சீட்டு இல்லை. பதினோரு மழைக்காலம் அவர் உடம்பில் என்னென்ன ஏறியது என்று எந்தத் தாளிலும் இல்லை.

அந்த மருந்தைக் குற்றம் சொல்லவில்லை. எத்தனையோ உயிரை அது காப்பாற்றியிருக்கிறது, கொரோனாவில் இவர் உயிரையும் சேர்த்து. ஆனால் அளவு தெரியாமல் அடிக்கடி போனால் அது சில பேருக்கு எலும்பில் கை வைக்கும். தொடை எலும்பின் மேல்முனையில் பந்து போல ஒரு தலை இருக்கிறது. இடுப்புக் கிண்ணத்துக்குள் அதுதான் சுழல்கிறது. அந்தத் தலைக்கு ரத்தம் போகிற குழாய்கள் நூல் மாதிரி மெல்லியவை. ஸ்டீராய்டு மிஞ்சினாலும், சாராயம் மிஞ்சினாலும், அந்தக் குழாய்களில் கொழுப்பு அடைத்துக்கொள்ளலாம். கழுத்து எலும்பு முறிந்தால் குழாயே அறுந்துவிடும், தொடை எலும்பின் கழுத்தைச் சொல்கிறோம். ரத்தம் போகாத எலும்பு உள்ளுக்குள் சத்தமில்லாமல் சாகும். மேலே ஓடு மட்டும் முழுசாக நிற்கும், உள்ளே கூழான முட்டை மாதிரி. எக்ஸ்ரேயில் அப்போது ஒன்றும் தெரியாது. எம்ஆர்ஐ ஸ்கேனில்தான் தெரியும். தெரிந்த உடனே எலும்பில் துளை போட்டு, உள்ளே இருக்கிற அழுத்தத்தை இறக்கி, சில சமயம் வேறிடத்து எலும்பை எடுத்து அங்கே வைத்து, ஆறு வாரமாவது பாரம் ஊன்றாமல் இருந்தால், பந்து தப்பிக்க வழி உண்டு. விட்டுவிட்டால் ஒருநாள் ஓடு நொறுங்கி உட்கார்ந்துவிடும். அப்புறம் மூட்டையே எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைப்பதுதான் வழி. இதெல்லாம் தனிஸ்லாசுக்கு மனப்பாடம். புதிதாக வருகிற நர்சுகளுக்கு எங்களைவிடத் தெளிவாகச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஈஸ்டர் முடிந்து நாலைந்து நாள் இருக்கும். இடது முட்டி வலிக்கிறது என்றார்.

எங்கள் பிரிவில் ஒரு பழக்கம் உண்டு. ஊழியர் யாருக்கு வலி வந்தாலும் வரிசையில் நிற்கவேண்டியதில்லை. எக்ஸ்ரே அறையில் அரிகிருஷ்ணன், இரண்டு நோயாளிக்கு நடுவே ஒரு படம் எடுத்துக் கொடுத்துவிடுவார். அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடைபாதையில் நின்றால், ரவுண்ட்ஸ் முடித்து டாக்டர் மதிவாணன் வருவார். மேற்கு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துச் சொல்லிவிடுவார். ஒரு நிமிஷ வேலை. இதை நாங்கள் பெருமையாக நினைத்திருந்தோம். ஜனங்கள் விடியற்காலையில் வந்து கால் கடுக்க நின்று காட்டுகிற டாக்டரை, நம்மாள் நடைபாதையில் பார்த்துவிடுகிறான் என்று.

"முட்டி நல்லாத்தான் இருக்குண்ணே. வயசாவுதுல்ல? பெல்ட் ஒண்ணு போட்டுக்குங்க," என்றார் மதிவாணன். ஆறு மாதம் கழித்து இன்னொரு படம், அதே ஜன்னல், அதே பதில். அதற்கப்புறம் மூன்றாவதாக ஒரு படம். மூன்றும் முட்டிப் படம். முட்டி உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. இடுப்பு மூட்டு கெட்டால் வலி இறங்கிவந்து முட்டியில் உட்கார்ந்துகொள்ளும். முட்டி வலி என்று வருகிறவரைப் படுக்க வைத்து, காலை மடக்கி, இடுப்பைத் திருப்பிப் பார்க்காமல் அனுப்பக் கூடாது. எலும்புப் பிரிவில் முதல் மாதமே சொல்லிக் கொடுக்கிற பாடம் இது. அரை நிமிஷம்கூட ஆகாது. ஒரு நாளைக்கு நூற்றைம்பது பேருக்கு மதிவாணன் அதைச் செய்கிறார். யார் யாருக்கோ செய்கிறார். தனிஸ்லாசுக்குச் செய்யவில்லை. நடைபாதையில் படுப்பதற்கு மேசை ஏது?

இதற்கு நடுவில்தான் கனகசெட்டிக்குளத்திலிருந்து அம்மாவாசை வந்தார். கடலுக்குப் போகிறவர். காலை ஆறு மணிக்கே வந்து நின்று சீட்டு வாங்கினவர். அவரும் முட்டி வலி என்றுதான் சொன்னார். மாவுக்கட்டு அறை வாசலைத் தாண்டி அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்து போனதைத் தனிஸ்லாஸ் உள்ளே இருந்து பார்த்தார். கட்டு ஈரத்தோடு கையைத் துடைக்காமல் பின்னாலேயே போய், "டாக்டர், இவன் முட்டிக்கு வரல. படுக்க வெச்சி இடுப்பத் திருப்பிப் பாருங்க," என்றார். பார்த்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பு செத்துக்கொண்டிருந்தது, ஆனால் ஓடு நொறுங்கவில்லை. வாரத்துக்குள் துளை போட்டார்கள். "பிராந்தி பாட்டிலத் தொட்டியோ, உன் காலத் தொட்டுக் கும்புட்டு அனுப்பிட வேண்டியதுதான்," என்று தனிஸ்லாஸ் மிரட்டின மிரட்டலில் அம்மாவாசை குடியையும் விட்டார். அவர் கால் இன்றைக்கும் நிற்கிறது.

அன்றைக்கு அம்மாவாசையை ஸ்கேனுக்கு அனுப்பிவிட்டுத் தன் அறைக்குத் திரும்பி நடந்த தனிஸ்லாஸ், தன் இடது முட்டியைக் கையால் பிடித்துக்கொண்டேதான் நடந்தார். அதைப் பார்த்தவர்கள் நாங்கள் ஏழெட்டுப் பேர் இருப்போம். எலும்பைப் பற்றி எல்லாம் தெரிந்த ஏழெட்டுப் பேர். ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. அவருக்கே உறைக்கவில்லையா என்று ஸ்டெல்லாமேரி அக்காவிடம் கேட்டோம். "குடிக்கிறவனுக்கு வர நோயின்னு நெனச்சிட்டேன் மேரி, நான்தான் குடிக்கலியேன்னு இருந்துட்டேன்னு சொல்றாரும்மா. ஊசியப் பத்தி அவருக்கு நெனப்பே வரல. அது நீங்கள்லாம் ஆசையா போட்டதாச்சே," என்றார் அக்கா. அவர் மனசில் வஞ்சமில்லாமல்தான் சொன்னார். மேனகா அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

வீட்டில் என்ன நடந்தது என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. காலுக்கு மேல் கால் போட்டுச் செருப்பு வார் மாட்ட முடியவில்லை; அக்காதான் மாட்டிவிட்டிருக்கிறார். பூசையில் முழந்தாள் போட முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்தபடியே இருந்திருக்கிறார். ரிட்டையர் ஆகப்போகிற மிதப்பு என்று பக்கத்தில் இருந்தவர்கள் முணுமுணுத்திருக்கிறார்கள். இருபத்தேழு வருஷம் மாதா சப்பரத்துக்கு முன்வரிசையில் தோள் கொடுத்தவர், போன திருவிழாவில் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கோயில் கேட்டோரமாக நின்றிருக்கிறார். சப்பரம் தாண்டிப் போகிறவரைக்கும் நின்று பார்த்துவிட்டு, "ஓய்வு பெத்ததும் ஒடம்பத் தேத்திக்கினு அடுத்த வருஷம் தூக்கறேன்," என்றாராம். அந்த ஒரு ஆசைதான் அவருக்கு இருந்தது. வீடு வேண்டும் வாசல் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. சப்பரத்துக்கு அடியில் நிற்க இரண்டு கால் வேண்டும் என்றுதான் கேட்டார்.

போன மாதம் அம்மாவாசை மறுபரிசோதனைக்கு வந்தார். தன்னைக் காப்பாற்றினவரைப் பார்க்காமல் போகக் கூடாதென்று மாவுக்கட்டு அறைக்குள் எட்டிப் பார்த்தார். தனிஸ்லாஸ் அலமாரியிலிருந்து மாவுச் சுருள் எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தார், அவ்வளவுதான்.

"அண்ணே, இன்னாண்ணே இது, நீ என்னாட்டம் நடக்கிற?" என்றார் அம்மாவாசை.

"முட்டிடா. தேஞ்சிப் போச்சி."

"நானும் அப்பிடித்தான சொல்லிக்கினு வந்தேன்?" கிட்டே வந்து, தனிஸ்லாசின் தொடை இடுக்கில் ஒரு விரலை வைத்தார். "வலி இங்கதான கெளம்புது?"

தனிஸ்லாஸ் கையிலிருந்த மாவுச் சுருளை மேசையில் வைத்துவிட்டு, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கட்டுப் போடக் காத்திருந்த பெண்ணிடம், "ஒரு நிமிஷம்மா," என்றார். அப்புறம் அந்தப் பெண்ணுக்குக் கட்டுப் போட்டு முடித்துவிட்டுத்தான், வழக்கம்போலச் சீட்டில்லாமலே, ஸ்கேனுக்குப் போனார்.

ஸ்கேன் வந்தது. இடது பந்து நொறுங்கித் தட்டையாகிவிட்டிருந்தது. துளை போடுகிற காலமெல்லாம் தாண்டிவிட்டது. வலது பக்கமும் எலும்பு சாக ஆரம்பித்திருந்தது; வலி இன்னும் வரவில்லை, ஓடு இன்னும் நிற்கிறது. மதிவாணன் அந்தப் படத்தை ஜன்னலுக்குத் தூக்கிப் பிடிக்கப் போய், பாதியில் கையை இறக்கிவிட்டார். எங்களில் யாரும் அவரை அப்படிப் பார்த்ததில்லை. "அண்ணே, என்னை மன்னிச்சிடுங்க," என்றார்.

தனிஸ்லாஸ் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "முப்பத்துமூணு வருஷம் உங்ககூட எல்லாம் நின்னுட்டேன் சார். ஒரு தரம்கூட யாரும் என்னப் படுன்னு சொல்லலியே," என்றார். சொல்லிவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு, தன் அறைக்கு நடந்து போனார்.

அதற்கப்புறம் அவர் டாக்டரிடம் உடம்பைக் காட்டவில்லை. மதிவாணன் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். இடதுக்குச் செயற்கை மூட்டு வைக்கலாம். வைத்தால் வலி குறைந்து நடக்கலாம். ஆனால் தூசி தின்ற நுரையீரலை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் பெரிய ஆபரேஷன் தாங்குமா என்று மயக்க மருந்து டாக்டர் தயங்குகிறார். அதனால் வலதைக் காப்பாற்றியாக வேண்டும். அதற்கு ஓடு நொறுங்குவதற்குள் துளை போடவேண்டும். போட்டாலும் நிற்கும் என்று சத்தியம் பண்ண முடியாது, பாதிக்குப் பாதிதான். போடாவிட்டால் அந்தப் பாதியும் இல்லை. தனிஸ்லாஸ் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மறுநாளும் வேலைக்கு வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். செத்துக்கொண்டிருக்கிற எலும்பின் மேல் நின்றுகொண்டு அடுத்தவர் எலும்புக்குக் கட்டுப் போட்டார். வாக்கரை வாங்கிக் கொடுத்தோம். அதில் துண்டைக் காயப் போட்டார்.

போன சனிக்கிழமை மேனகாவும் நிர்மலாதேவியும் குருசுக்குப்பத்துக்குப் போய் அவர் எதிரில் உட்கார்ந்து கெஞ்சினார்கள். "வாங்கண்ணே. நேரா டாக்டர் ரூமுக்கே கூட்டிக்கினு போயிடறோம். ஒரு நிமிஷம் நிக்க வேணாம்," என்றார் மேனகா.

"பாத்தியா, திரும்பவும் அதே பக்க வாசல்," என்றார் தனிஸ்லாஸ். "உன்னத் திட்டல சிஸ்டர். நீ ஊசி போடலன்னா நான் எந்த மழையிலயோ மூச்சு முட்டிப் போயிருப்பேன். ஆனா அந்த வாசல் வழியா இனிமே நான் வரமாட்டேன். வரிசைல நிக்கறவனுக்கு வைத்தியம் கெடைக்குது. எனக்குக் கெடைச்சது மரியாதை. அத வெச்சிக்கினு நான் என்னா பண்றது? விடு, என் மேல இனி யாரும் கை வைக்க வேணாம்." அவ்வளவு சொல்லிவிட்டு, அவர்களுக்குக் காபி போடச் சொல்லி அக்காவை அழைத்தார். அந்தக் காபியை அவர்கள் குடிக்க முடியாமல் குடித்துவிட்டு வந்தார்கள்.

கதை முடிந்தது. யாரோ ஒரு தனிஸ்லாசின் கதை என்று இனியும் எங்களால் நடிக்க முடியாது, அண்ணே. நீங்கள் எங்கள் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். இடது காலை நீட்டிக்கொண்டு, கையை இடுப்பில் வைத்துக்கொண்டு.

ஆயிரம் கால்களை நிமிர்த்திய அன்பரே! உங்கள் ஒரு காலை எங்கள் கையாலேயே கெடுத்தோம். கெட்டதை ஜன்னல் வெளிச்சத்தில் மூன்று முறை பார்த்தும் காணாமல் விட்டோம். இதை அச்சடித்துக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டுத் தருகிறோம், மன்னிப்புக் கேட்பதற்காக மட்டுமல்ல. உங்கள் நோயைப் பற்றி இந்த ஆஸ்பத்திரி எழுதுகிற முதல் தாள் இதுதான். எந்த ஊசி, எத்தனை வருஷம், எந்த மாத்திரை, எத்தனை நாள் என்று எங்களுக்கு ஞாபகம் இருக்கிற வரைக்கும் மடலின் பின்பக்கத்தில் மேனகா தன் கையெழுத்தில் எழுதியிருக்கிறார். எழுதும்போது இரண்டு முறை தாளை மாற்ற வேண்டியிருந்தது.

இதுவரை உள்ளதெல்லாம் நேற்று அச்சானது. கீழே கடைசிப் பகுதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தோம். அதை இன்று காலை பேனாவால் எழுதி நிரப்பியிருக்கிறோம்.

காலை ஐந்தே முக்காலுக்கு நிர்மலாதேவியும் மேனகாவும் ஓபி வரிசையில் போய் நின்றார்கள். சீட்டு அடிக்க நிர்மலாதேவிக்கு ஒரு நிமிஷம் போதும். உள்ளே உட்கார்ந்து பட்டனைத் தட்டினால் வந்துவிடும். தட்டியிருந்தால் மறுபடியும் அதே வாசல்தானே? இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ராஜ்கமல் அவளைப் பார்த்துவிட்டு, "அய்யோ அக்கா, உள்ள வாங்க, நான் போட்டுத் தரேன்," என்று எழுந்தான். "உக்காருடா, உன் வேலையப் பாரு!" என்று அவள் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது. முறை வந்தது. ஸ்டெல்லாமேரி அக்கா கொடுத்தனுப்பிய உங்கள் அடையாள அட்டையைப் பார்த்து ராஜ்கமல் பெயரைத் தட்டினான். எந்தப் பிரிவு என்றான். எலும்பு என்றாள். அப்புறம் வாய்ப்பாடாக எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டான். "பழைய நோயாளியா, புது நோயாளியா?"

"புதுசு," என்றாள் நிர்மலாதேவி. அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

டாக்டர் மதிவாணன் இந்த விழாவுக்கு வரவில்லை. மாலை போட வராமல் போனாரே என்று நினைக்க வேண்டாம். அவர் இப்போது எதிர்க்கட்டடத்தில் ஓபியில் உட்கார்ந்து, உங்கள் எண் வருவதற்காக ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உங்களுக்காக ஒருவரையும் தாண்டிக் கூப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஓபி ஒரு மணி வரைக்கும் உண்டு.

பல்லாண்டு வாழ்க என்று முடிக்க வேண்டிய இடம் இது. வாழ்க என்று சொல்லிவிட்டால் போதுமா, எதில் நின்று வாழ்வீர்கள்? இடது கால் போனது போனதுதான். அதைத் திருப்பிக் கொடுக்க எங்களில் ஒருவருக்கும் வக்கில்லை. வலது காலும் நிற்குமா என்று எங்களுக்குத் தெரியாது. அடுத்த திருவிழாவில் நீங்கள் சப்பரம் தூக்குவீர்கள் என்று பொய் சொல்லவும் மாட்டோம். தூக்க மாட்டீர்கள், அண்ணே. அது முடிந்துவிட்டது. கேட்டோரமாக நிற்கவாவது ஒரு கால் மிஞ்சட்டும் என்பதுதான் எங்கள் பிரார்த்தனை. இவ்வளவு சின்ன வாழ்த்தை எந்த மடலிலும் நாங்கள் எழுதியதில்லை.

பொன்னாடை மேசையில் இருக்கிறது. அது இருக்கட்டும். இந்தச் சட்டத்தின் மூலையில், கண்ணாடிக்கு வெளியே, கையால் எடுக்கிற மாதிரி ஒரு சீட்டைச் செருகியிருக்கிறோம். அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் சக்கர நாற்காலி நிற்கிறது. நாங்கள் யாரும் தள்ள வரவில்லை. ஸ்டெல்லாமேரி அக்கா தள்ளுவார்கள். அங்கே போனதும் படுக்கச் சொல்வார்கள்.

உங்கள் எண் 147. பெஞ்சில் 146, உங்களுக்குத் துணையாகக் காலையில் எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்ற அம்மாவாசை. தன் பக்கத்தில் துண்டைப் போட்டு உங்களுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறார்.

அலே, அண்ணே.

இப்படிக்கு,
உங்களை ஒரு தரமும் படுக்கச் சொல்லாத
எலும்பு மூட்டுப் பிரிவு ஊழியர்கள்,
புதுச்சேரி.